வீட்டுக்குள் ஒரு சேமிப்புப் பெட்டி: இணைப்புகளைச் சரியாகச் செய்வது எப்படி?

(எமது வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச வந்திருக்கும் விடயம் கொஞ்சம் தொழில்நுட்பம் சார்ந்தது. "ஐயோ, கொம்பியூட்டர் கதையா" என்று வானொலியை நிறுத்திவிடாதீர்கள். நான் ஒரு கணினிப் பொறியியலாளன் அல்லன். ரொறன்ரோவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களோடு 27 வருடங்கள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எனக்கு விளங்கியதென்றால் உங்களுக்கும் விளங்கும். அந்தத் தைரியத்தில்தான் வந்திருக்கிறேன்.

வீட்டிலே சேமிப்புப் பெட்டி ஒன்றை வைத்து, குடும்பத்தின் படங்களையும் வீடியோக்களையும் எல்லோரும் பார்க்கக்கூடியதாக அதற்கு எப்படி இணைப்புக் கொடுப்பது என்பதே இன்றைய பேச்சு. ஆங்கிலத்தில் இந்தப் பெட்டியைச் சுருக்கமாக 'நாஸ்' என்று சொல்வார்கள். அதைப் பற்றிச் சொல்லுமுன், நான் ஏன் இதற்குள் இறங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2019ஆம் ஆண்டு மாசி மாதத்தில் எங்கள் ஐயா காலமானார். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். முன்பக்கத்துக்கு ஐயாவின் நல்ல படம் ஒன்று தேவை. எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் நான் ஒரு சிறிய வெளி வன்தட்டில் போட்டு அலுமாரிக்குள் வைத்திருந்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய படங்களை ஸ்கான் செய்ததும் அதிலேதான். கலியாண வீடியோக் கசெற்றுகளை மாற்றி எடுத்ததும் அதிலேதான். எடுத்துக் கணினியில் செருகினேன். டக், டக் என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். படம் ஒன்றும் வரவில்லை.

அச்சகத்துக்குப் படம் கொடுக்க இரண்டு நாட்கள்தான் இருந்தன. கடைசியில் ஜேர்மனியில் இருக்கும் என் தங்கை, எப்போதோ நான் தபாலில் அனுப்பிய ஒரு படத்தைத் தேடி எடுத்து அனுப்பினாள். கல்வெட்டில் இருப்பது அந்தப் படம்தான். வன்தட்டைத் திருத்தக் கொடுத்தும் அரைவாசிதான் மீண்டது. மீளாத அரைவாசியில், 1980களில் அம்மம்மா ஊரிலிருந்து கசெற்றில் பேசி அனுப்பிய கடிதங்களின் பதிவும் இருந்தது. நல்ல காலம், மூலக் கசெற்றுகளை அம்மா எறியாமல் ஒரு பிஸ்கற் பேணிக்குள் வைத்திருந்தார். "நீ கொம்பியூட்டரில ஏத்திப்போட்டன், இனி எறியுங்கோ எண்டு சொன்னாய். நான்தான் எறியேல்லை" என்றார். அந்தச் சொல் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

அதன் பிறகுதான் ஒரு சேமிப்புப் பெட்டியை ஒழுங்காக அமைப்பது என்று தீர்மானித்தேன். 2020ஆம் ஆண்டு வேலை தொடங்கியது. பெட்டியை வாங்குவது இலகு. அதற்கு இணைப்புக் கொடுத்து வேலை செய்ய வைப்பதில்தான் நான் நிறையப் பிழைகள் விட்டேன். நீங்கள் அந்தப் பிழைகளை விடக்கூடாது என்பதற்காகவே அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், பெட்டி என்றால் என்ன? ஒரு ரொட்டி சுடும் மெசின் அளவான பெட்டி. உள்ளே இரண்டு அல்லது நான்கு வன்தட்டுகள். ஒரு சின்னக் கணினியும் அதற்குள்ளேயே இருக்கிறது. திரை இல்லை, விசைப்பலகை இல்லை. பின்பக்கத்தில் மின்சார வயர் ஒன்று, நெற்வேர்க் கேபிள் செருகும் துளை ஒன்று அல்லது இரண்டு. அந்தக் கேபிளை உங்கள் வீட்டு றவுட்டரோடு தொடுத்துவிட்டால், வீட்டில் இருக்கும் கணினி, தொலைபேசி, தொலைக்காட்சி எல்லாம் அதைப் பார்க்கலாம். ஆகவே இதற்கு உயிர் கொடுப்பது அந்த இணைப்புத்தான்.

அடுத்தது, எங்கே வைப்பது? எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் முதலில் வாயில் வருவது பேஸ்மென்ற். நானும் அங்கேதான், உலைக்குப் பக்கத்தில், நிலத்தில் வைத்தேன். என் அக்காவின் மகன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னான், "மாமா, 2013 வெள்ளத்தை மறந்துபோனியளே?" என்று. 2013ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவானது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எத்தனையோ பேருடைய பேஸ்மென்றுக்குள் தண்ணீர் வந்தது. பிறகு 2024ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் திகதியும் அப்படி ஒரு மழை. ஆகவே பேஸ்மென்ற் என்றால் நிலத்தில் வேண்டாம். இடுப்பு உயரத்துக்கு மேலே ஒரு தட்டில் வையுங்கள். உலைக்குப் பக்கத்திலும் வேண்டாம், தூசியும் சூடும் வன்தட்டுக்குக் கூடாது. மூடிய அலுமாரிக்குள்ளும் வேண்டாம், காற்றுப் போக வேண்டும். நாங்கள் இப்போது மேல்மாடியில், படிக்கட்டு முடியும் இடத்தில் உள்ள ஒரு தட்டில் வைத்திருக்கிறோம்.

இன்னுமொன்று. சுவரில் உள்ள மின்துளையில் நேரே செருகாமல், பற்றரி உள்ள யூ.பி.எஸ். ஒன்றின் ஊடாகச் செருகுங்கள். 2003 ஆகஸ்ட் 14ஆம் திகதி மின்சாரம் நின்றதையும், 2013 டிசம்பரில் வந்த பனிமழைப் புயலையும் கண்டவர்கள் நாங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்புகள் பழுதாகலாம். யூ.பி.எஸ்.இலிருந்து ஒரு யூ.எஸ்.பி. வயரைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டால், பற்றரி குறையும்போது பெட்டி தானாகவே ஒழுங்காக மூடிக்கொள்ளும். றவுட்டரையும் அதே யூ.பி.எஸ்.இல் செருகுவது நல்லது.

இனிக் கேபிள் விடயத்துக்கு வருவோம். "வைஃபை இருக்கும்போது கேபிள் எதற்கு?" என்று கேட்பீர்கள். தொலைபேசியிலும் ராப்லெற்றிலும் படம் பார்ப்பதற்கு வைஃபை போதும். ஆனால் பெட்டிக்குக் கட்டாயம் கேபிள் கொடுங்கள். வைஃபை என்பது வீட்டில் எல்லோரும் பங்குபோடும் ஒரு பாதை. சுவருக்குச் சுவர் அதன் வேகம் குறையும். பெட்டியும் வைஃபையில், கணினியும் வைஃபையில் என்றால் ஒரே தரவு அதே பாதையில் இரண்டு தடவை போக வேண்டிவரும்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. நெற்வேர்க் வேகத்தைச் சொல்வது மெகாபிற்றில். கோப்பின் அளவைச் சொல்வது மெகாபைற்றில். எட்டுப் பிற் சேர்ந்தால்தான் ஒரு பைற். ஆகவே 100 மெகாபிற் இணைப்பு என்றால் செக்கனுக்கு 12.5 மெகாபைற், நடைமுறையில் 11 அளவில் கிடைக்கும். ஜிகாபிற் இணைப்பு, அதாவது 1000 மெகாபிற் என்றால் நடைமுறையில் 110 மெகாபைற் அளவில் கிடைக்கும். எங்கள் படங்களும் வீடியோக்களுமாக 600 ஜிகாபைற் இருந்தன. முதலாவது வேகத்தில் அவற்றை ஏற்ற 15 மணித்தியாலங்கள். இரண்டாவது வேகத்தில் ஒன்றரை மணித்தியாலம்.

எனக்கு 15 மணித்தியாலங்கள்தான் எடுத்தது. பெட்டி ஜிகாபிற், றவுட்டர் ஜிகாபிற், கணினியும் ஜிகாபிற். அப்படியிருந்தும் ஆமை வேகம். பெட்டி பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகக்கூட ஆயத்தமாகிவிட்டேன். மருமகன் கணினியின் நெற்வேர்க் அமைப்புப் பக்கத்தைத் திறந்து இணைப்பு வேகத்தைப் பார்த்தான். அதில் 1000 இல்லை, 100 என்று இருந்தது. "மாமா, உங்கட வயரிலதான் பிழை" என்றான்.

காரணம் இதுதான். நெற்வேர்க் கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள், நான்கு சோடிகளாக முறுக்கி இருக்கும். 100 மெகாபிற் வேகத்துக்கு இரண்டு சோடிகள் போதும். ஜிகாபிற்றுக்கு நான்கு சோடிகளும் வேண்டும். ஒரு கம்பி அறுந்தாலோ, முனையில் சரியாகப் பொருந்தாவிட்டாலோ, இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். பிழை என்று எங்கும் எழுதிக் காட்டாது. வேலை செய்யும், ஆனால் மெதுவாகச் செய்யும். நான் பாவித்தது எப்போதோ பெட்டிக்குள் கிடந்த பழைய கேபிள். கதவின் கீழே மிதிபட்டு உள்ளே ஒரு கம்பி முறிந்திருக்கிறது. புதுக் கேபிள் போட்டோம். அதே நிமிடம் 1000 என்று வந்தது.

ஆகவே நேயர்களே, கேபிள் வாங்கும்போது அதன் தோலில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். 'கெற் 5ஈ' அல்லது 'கெற் 6' என்று இருந்தால் வீட்டுக்குப் போதும். 5ஈ கேபிளே 100 மீற்றர் தூரம் வரை ஜிகாபிற் வேகத்தைக் கொண்டுபோகும். எங்கள் வீடுகளில் அவ்வளவு தூரம் வராது. அதைவிட உயர்ந்த எண் என்று சொல்லிக் கூடின விலைக்கு விற்பதை வாங்க வேண்டிய தேவையில்லை. ஆனால் உள்ளே முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசிய மலிவுக் கேபிள்கள் சந்தையில் இருக்கின்றன. அவை இலகுவில் முறியும். கேபிளைக் கூர்மையாக மடிக்காதீர்கள், ஆணியால் இறுக்கி நசுக்காதீர்கள், கதவின் கீழே விடாதீர்கள்.

றவுட்டரில் துளைகள் போதாவிட்டால் 'சுவிற்ச்' என்ற சின்னப் பெட்டி ஒன்றை வாங்கலாம். ஐந்து துளை அல்லது எட்டுத் துளை உள்ளது போதும். அதற்கு அமைப்பு ஒன்றும் செய்யத் தேவையில்லை, செருகினால் வேலை செய்யும். உங்கள் றவுட்டர் பழையது, அதன் துளைகள் 100 மெகாபிற்தான் என்றாலும் கவலைப்படாதீர்கள். ஜிகாபிற் சுவிற்ச் ஒன்றை வாங்கி, சேமிப்புப் பெட்டியையும் கணினியையும் அந்தச் சுவிற்ச்சில் செருகி, சுவிற்ச்சிலிருந்து ஒரு கேபிளை றவுட்டருக்குக் கொடுங்கள். பெட்டிக்கும் கணினிக்கும் இடையிலான போக்குவரத்து சுவிற்ச்சோடு முடிந்துவிடும், றவுட்டருக்குப் போகாது. அதேபோல, இணையச் சேவையின் வேகத்தைக் கூட்டிக் காசு கட்டினால் வீட்டுக்குள் கோப்பு ஏற்றுவது வேகமாகும் என்று நினைப்பதும் பிழை. வீட்டுக்குள் ஓடும் தரவு வெளியே போவதே இல்லை.

பெட்டியின் பின்னால் இரண்டு துளைகள் இருந்தால் இரண்டிலும் கேபிள் கொடுத்தால் இரட்டிப்பு வேகம் வருமா என்று சிலர் கேட்பார்கள். பொதுவாக வராது. இரண்டையும் ஒன்றாக இணைக்கும் முறை இருக்கிறது. ஆனால் ஒரு கணினி ஒரு கோப்பை எடுக்கும்போது அது ஒரு கேபிளால்தான் வரும். பலர் ஒரே நேரத்தில் பாவிக்கும் அலுவலகத்துக்குத்தான் அதனால் பயன். வீட்டுக்கு ஒரு கேபிள் போதும்.

இனி, என்னை இரண்டு நாட்கள் அலைக்கழித்த ஒரு விடயம். பெட்டி வேலை செய்கிறது, என் கணினியில் படங்கள் வருகின்றன. அம்மாவின் ராப்லெற்றில் மட்டும் ஒன்றும் வரவில்லை. "எனக்குக் காட்டமாட்டன் எண்டு நிக்குது, தம்பி" என்கிறார் அம்மா.

காரணம், எங்கள் வீட்டில் இரண்டு றவுட்டர்கள். இணையச் சேவை நிறுவனம் கொடுத்த மோடத்துக்குள்ளேயே ஒரு றவுட்டர் இருக்கிறது. அது தெரியாமல் நான் கடையில் இன்னொரு றவுட்டர் வாங்கி அதற்குப் பின்னால் செருகியிருந்தேன். இரண்டும் தனித்தனி வைஃபை பரப்பின. ஒவ்வொரு றவுட்டரும் தனக்கென ஒரு வளவை வேலி போட்டு வைத்திருக்கும். என் கணினியும் சேமிப்புப் பெட்டியும் உள் வளவில். அம்மாவின் ராப்லெற் வெளி வளவில். வெளி வளவிலிருந்து உள் வளவைப் பார்க்க முடியாது. இது பிழையல்ல, வேலியின் வேலையே அதுதான்.

தீர்வு இரண்டு. சேவை நிறுவனத்தின் பெட்டியை வெறும் மோடமாக மட்டும் வேலை செய்யும்படி மாற்றலாம். அல்லது நாங்கள் வாங்கிய றவுட்டரை, வைஃபை பரப்பும் நிலையமாக மட்டும் வேலை செய்யும்படி மாற்றலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். றவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவை மாற்றினால் போதும். அதன்பின் வீடு முழுவதும் ஒரே வளவு. விருந்தினருக்கென்று தனியாகக் கொடுக்கும் வைஃபையிலும் இதே கதைதான். அதில் தொடுத்த தொலைபேசி உங்கள் பெட்டியைப் பார்க்காது. பார்க்கக்கூடாது என்பதற்காகவே அது இருக்கிறது.

அடுத்தது முகவரி. ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம் இருப்பது போல, நெற்வேர்க்கில் இருக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐ.பி. முகவரி என்ற இலக்கம் உண்டு. 192.168.0.23 என்பது போல இருக்கும். 192.168 என்று தொடங்கும் இலக்கங்கள் வீட்டுக்குள் பாவிப்பதற்கென்று ஒதுக்கப்பட்டவை. அதனால்தான் உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரே இலக்கம் இருந்தாலும் பிரச்சினை இல்லை. இந்த இலக்கங்களை றவுட்டர்தான் வரும் சாதனங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஆனால் அது நிரந்தர உறுதி அல்ல, குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும் வாடகை போன்றது.

ஒருநாள் இரவு மின்சாரம் நின்று வந்தது. அப்போது இன்னும் யூ.பி.எஸ். வாங்கவில்லை. விடிய என் மனைவி கணினியைத் திறந்துவிட்டு, "இஞ்சை வாங்கோ, படம் எல்லாம் காணேல்லை" என்றார். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. திரும்பவும் போய்விட்டதா என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். பெட்டி சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. நடந்தது என்னவென்றால், மின்சாரம் வந்தபோது றவுட்டர் பெட்டிக்குப் புதிய இலக்கம் கொடுத்துவிட்டது. 23 ஆக இருந்தது 31 ஆகிவிட்டது. கணினி பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றது.

இதைத் தவிர்க்க, பெட்டிக்கென்று ஓர் இலக்கத்தை நிரந்தரமாக ஒதுக்க வேண்டும். செய்யும் முறை இதுதான். கணினியின் உலாவியில் றவுட்டரின் முகவரியைத் தட்டினால் அதன் அமைப்புப் பக்கம் வரும். முகவரியும் கடவுச்சொல்லும் றவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். அதில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கும். சேமிப்புப் பெட்டியைக் கண்டுபிடியுங்கள். சந்தேகமென்றால் பெட்டியின் பின்னால் அச்சிட்டிருக்கும் 'மாக்' முகவரியோடு ஒப்பிடுங்கள். அது பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்டது, ஒவ்வொரு நெற்வேர்க் துளைக்கும் தனித்துவமானது. பிறகு 'முகவரி ஒதுக்கீடு' என்ற தெரிவில் அதற்கு ஓர் இலக்கத்தைக் கொடுத்துச் சேமியுங்கள். நான் 192.168.0.50 கொடுத்தேன். பெட்டியை ஒருமுறை நிறுத்தித் தொடக்கிவிட்டால் அதே இலக்கத்தோடு வரும். அதை ஒரு துண்டில் எழுதிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். நாங்கள் இல்லாத காலத்தில் பிள்ளைகளுக்கு உதவும்.

பெட்டியின் உள்ளேயே நிரந்தர இலக்கத்தை எழுதிவிடவும் முடியும். ஆனால் அப்போது றவுட்டர் பங்கிடும் வரிசைக்கு வெளியே உள்ள இலக்கமாகப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் றவுட்டர் அதே இலக்கத்தை வேறொன்றுக்கும் கொடுத்து, ஒரே இலக்கத்தில் இரண்டு வீடு போல் ஆகிவிடும். றவுட்டரில் ஒதுக்குவதுதான் இலகுவானது.

இப்போது கதவுகளும் சாவிகளும். பெட்டியில் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு உண்டாக்குங்கள். அம்மாவின் கணக்கில் பார்க்க மட்டும் அனுமதி. அப்போதுதான் தவறுதலாக விரல் பட்டு அழிந்துபோகாது. நிர்வாகிக் கணக்கை நாளாந்தப் பாவனைக்கு எடுக்காதீர்கள். அந்தக் கணக்கின் பெயர் 'அட்மின்' என்று இருந்தால் புதிய பெயரில் ஒன்றை உண்டாக்கிவிட்டு அதை முடக்கிவிடுங்கள். கோப்புகளைப் பகிரும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். அதன் முதலாம் பதிப்பு அமைப்பில் திறந்திருந்தால் மூடிவிடுங்கள். 2017 மே மாதம் உலகம் முழுவதும் பரவி, பிரித்தானிய வைத்தியசாலைகளைக்கூட முடக்கிய வன்னாகிரை என்ற தீம்பொருள், விண்டோஸ் கணினிகளில் அந்தப் பழைய முதலாம் பதிப்பில் இருந்த ஓட்டையால்தான் புகுந்தது.

கடைசியாக, மிக முக்கியமான விடயம். என் தங்கை ஜேர்மனியிலிருந்து கேட்டாள், "அண்ணா, நானும் அங்கயிருந்து பாக்கேலாதே?" என்று. நியாயமான ஆசைதானே. ஐயாவின் படத்தைத் தந்தவளே அவள்தான். நான் பெட்டியின் அமைப்பில் 'வெளியிலிருந்து அணுக அனுமதி' என்றிருந்த ஒரு கட்டத்தில் சரி போட்டேன். அது றவுட்டரோடு தானே பேசி, இணையத்தை நோக்கி ஒரு கதவைத் திறந்துவிட்டது. தங்கை பார்த்தாள், எல்லோருக்கும் சந்தோசம்.

ஒரு கிழமை கழித்து மருமகன் பெட்டியின் பதிவேட்டைத் திறந்து காட்டினான். முன்பின் அறியாத முகவரிகளிலிருந்து, 'அட்மின்' என்ற பெயரில், கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்து நூற்றுக்கணக்கான முயற்சிகள். இரவு பகலாக யாரோ கதவுப் பிடியைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்கள் மனிதர்கள் அல்லர். இணையம் முழுவதும் திறந்த கதவுகளைத் தேடித் திரியும் நிரல்கள். அன்றே மூடிவிட்டோம்.

அது வீண் பயம் அல்ல என்பதைப் பின்னர் நடந்தவை காட்டின. 2021 ஜூன் மாதத்தில், வெஸ்ரேர்ண் டிஜிற்றல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' என்ற பழைய சேமிப்புப் பெட்டிகளில் இருந்த தரவுகளை, இணையத்தின் ஊடாகப் புகுந்தவர்கள் அடியோடு அழித்தார்கள். 2015க்குப் பின் அவற்றுக்கு மென்பொருள் புதுப்பிப்பு வந்ததில்லை. 2022 ஜனவரியில் கியூநெப் நிறுவனத்தின் பெட்டிகளை 'டெட்போல்ற்' என்ற தீம்பொருள் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 0.03 பிற்கொயின் கேட்டது. இரண்டிலும் அகப்பட்டவை இணையத்துக்கு நேரே திறந்திருந்த பெட்டிகள்.

ஆகவே என்ன செய்யலாம்? முதலில், றவுட்டரில் 'யூ.பி.என்.பி.' என்ற தெரிவை மூடிவிடுங்கள்; அதுதான் சாதனங்கள் கேட்டவுடன் கதவைத் திறந்துவிடுவது. பெட்டிக்கென்று எந்தக் கதவையும் வெளியே திறக்காதீர்கள். தூரத்திலிருந்து பார்க்க வேண்டியவருக்கு வி.பி.என். என்ற முறையை அமையுங்கள். அது ஒரு மறைவான சுரங்கப் பாதை. 'வயர்கார்ட்' என்ற முறை பல றவுட்டர்களிலும் சேமிப்புப் பெட்டிகளிலும் இப்போது உண்டு. அதற்கும் ஒரு வாசல் வேண்டும்தான். ஆனால் சரியான சாவி இல்லாதவன் தட்டினால் அந்த வாசல் பதிலே சொல்லாது. தங்கையின் தொலைபேசியில் அந்தச் சாவியைப் போட்டுக் கொடுத்தோம். இப்போது அவள் எங்கள் வீட்டுக்குள் இருப்பவள் போலவே படங்களைப் பார்க்கிறாள். பெட்டியின் மென்பொருள் புதுப்பிப்புகளையும் தவறாமல் ஏற்றுகிறோம்.

முடிக்குமுன் ஒரு வார்த்தை. பெட்டிக்குள் இரண்டு வன்தட்டுகள் ஒன்றையொன்று பிரதி செய்கின்றன என்பதால் எல்லாம் பத்திரம் என்று நினைக்காதீர்கள். ஒரு தட்டுப் பழுதானால் மற்றது காப்பாற்றும். ஆனால் நீங்கள் ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் அழியும். வெள்ளமோ நெருப்போ களவோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். எதுவும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பது இத்துறையில் உள்ளவர்கள் சொல்லும் விதி. நான் மாதத்துக்கு ஒருமுறை வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுத்து, மார்க்கத்தில் உள்ள தம்பி வீட்டில் கொண்டுபோய் வைக்கிறேன். அங்கே இருப்பதை எடுத்து வருகிறேன். அந்தச் சாட்டில் தம்பியையும் பார்த்துத் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.

ஒரே ஒரு பிரதி என்பதன் விலை எங்களுக்குத் தெரியாததல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் இல்லாத ஓலைச்சுவடிகளும் அதோடு போயின. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் எத்தனை வீட்டு அல்பங்கள் விடுபட்டுப் போயின என்பதற்குக் கணக்கே இல்லை. அவற்றைக் காப்பாற்ற அன்று எங்களிடம் வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

இன்னொரு அவசரமும் உண்டு. வீடியோக் கசெற் ஓடும் இயந்திரத்தைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. உங்கள் வீட்டு அலுமாரியில் கலியாணக் கசெற்றும் சாமத்தியக் கசெற்றும் கிடந்தால், ஓடும் இயந்திரம் ஒன்று கைக்கு அகப்படும்போதே மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகும் மூலத்தை எறியாதீர்கள். அதை எனக்கு அம்மா படிப்பித்தார்.

அந்தப் பிஸ்கற் பேணியில் இருந்த கசெற்றுகளைத் திரும்பவும் பதிவு செய்து பெட்டியில் ஏற்றிவிட்டோம். அம்மம்மா அதில், மாமரம் காய்த்ததையும், மாடு கன்று போட்டதையும், "உடுப்பு வடிவாப் போடு ராசா, அங்க குளிராம்" என்பதையும் சொல்கிறார். பின்னால் கோழி கூவுகிறது. அம்மா பின்னேரங்களில் ராப்லெற்றில் அதைப் போட்டுக் கேட்பார். கேட்டு முடிய, "பெட்டி நிண்டிடாதே?" என்று என்னைக் கேட்பார். "நிண்டாலும் பறவாயில்லை அம்மா, தம்பி வீட்டிலயும் இருக்கு" என்பேன்.

இந்த வார இறுதியில் உங்கள் வீட்டில் மூன்று வேலை செய்யுங்கள். படங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். அதற்கு இரண்டாவது பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பேரப்பிள்ளைகளில் ஒருவரைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டு இந்த வேலையைத் தொடங்குங்கள். அவர்களுக்குக் கேபிள் தெரியும், படத்தில் இருப்பவர் யார் என்று தெரியாது. உங்களுக்குப் படத்தில் இருப்பவரைத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் இந்த வேலை முடியும்.